கரம்பை மண்ணில் கிடக்கும் மழைக் கணக்கு

சென்ற பங்குனியில் எங்கள் ஊர்க் கண்மாயில் கரம்பை, அதாவது தரையில் படிந்த வண்டல், அள்ளினார்கள். காரைக்குடியிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய சிற்றூர் எங்களுடையது. மூன்று மடையும், மிகுநீர் வழிந்தோடும் ஒரு கலிங்கும் கொண்ட நடுத்தரமான கண்மாய். தண்ணீர் வற்றித் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நாளில் இரண்டு ஜேசிபிகள் உள்ளே இறங்கின. அவற்றுக்குப் பின்னால் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. நடைப்பயிற்சிக்குப் போன நான், கரையிலிருந்து இருபது அடி உள்ளே வெட்டப்பட்டிருந்த குழி ஒன்றின் ஓரத்தில் நின்றுவிட்டேன். குழியின் ஒரு பக்கம் சுவர் வைத்தாற்போலச் செங்குத்தாக, ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது.

மேலே ஓரடி அளவுக்குச் சீமைக்கருவேல வேர்கள் பின்னிய சாம்பல் நிறக் களி. அதன் கீழே கறுப்புக் களி, கத்தி போட்டு வெட்டிய அல்வாவைப் போல வழவழப்பாக இருந்தது. அந்தக் கறுப்புக்குள் மேலிருந்து கீழாக இறங்கும் வெடிப்புகள் தெரிந்தன; எப்போதோ ஒரு வறட்சியில் பிளந்து, பின்னர் வந்த மழையில் வேறு நிற மண் புகுந்து அடைத்துக்கொண்டவை. முழங்கால் உயரத்தில், நான்கு விரற்கடைத் தடிப்பில், சிவந்த பருமணல் பட்டை ஒன்று குழியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடியது. அதில் விரலை வைத்து நிமிண்டியபோது செம்புறாங்கல் பருக்கைகளும், நத்தை ஓட்டுத் துணுக்குகளும், ஒரு ஓட்டாஞ்சில்லும் உதிர்ந்தன. பட்டைக்கு மேலேயும் கீழேயும் மறுபடி அதே கறுப்புக் களிதான்.

“என்னங்கய்யா, புதையல் எதுவும் இருக்கா?” என்று ஜேசிபி ஓட்டும் தம்பி கேட்டார். பத்து நிமிடம் நிறுத்தி வைக்கும்படி அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

நான் ஏன் நின்றேன் என்பதற்கு என் தொழிலைச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் பார்த்த வேலை, கண்மாய்களுக்கும் ஏரிகளுக்கும் எவ்வளவு வெள்ளம் வரும், அதை வெளியேற்றக் கலிங்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று கணக்குப் போடுவது. களிமண் அடுக்குக்கு நடுவே, கரைக்கு இவ்வளவு அருகில், பருமணல் கிடப்பது சாதாரணச் செய்தி அல்ல. வரத்து வாய்க்கால் கண்மாய்க்குள் நுழைந்ததும் நீரின் வேகம் குறைந்துவிடும். மணலும் பருக்கையும் வாய்க்கால் முகப்பிலேயே படிந்துவிட, கரையோரம் வரை வந்து சேர்வது நுண்ணிய வண்டல் மட்டுமே. அந்த ஒழுங்கைக் குலைத்துப் பருமணலைக் கரையடி வரை இழுத்துவந்த ஏதோ ஒரு நாள் இந்தக் கண்மாயின் வாழ்வில் வந்திருக்கிறது. ஊரில் எவருக்கும் அந்த நாள் நினைவில் இல்லை. எந்த மழைப் பதிவேட்டிலும் அது இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பணியில் இருந்த காலத்தில் எங்களுக்குக் கிடைத்த ஆதாரம் மழைமானிப் பதிவேடு மட்டும்தான். ஒவ்வோர் ஆண்டிலும் ஒரே நாளில் பெய்த மிகப் பெரிய மழையை எடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, கம்பெல் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளரின் பெயரால் வழங்கும் வரைதாளில் புள்ளிகளாக இட்டு, அவற்றின் ஊடே ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டைத் தாளின் ஓரம் வரை நீட்டினால், நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்று ஓர் எண் கிடைக்கும். புள்ளிகள் முப்பத்தைந்தே இருந்தாலும் கோடு நூறுக்கும் போகும், ஆயிரத்துக்கும் போகும். தாள் ஒன்றும் தடுக்காது. அப்படி நீட்டிய கோட்டின் மேல்தான் கலிங்குகளையும் பாலங்களையும் கட்டிக்கொண்டிருந்தோம்.

நூறாண்டு வெள்ளம் என்ற சொல்லே பாமரரோடு பொறியாளரையும் சேர்த்து ஏமாற்றுவது. ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த தொண்ணூற்றொன்பது ஆண்டுக்குக் கவலை இல்லை என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். அந்தக் கணக்கில், முப்பது ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் அப்படியொரு வெள்ளத்தை ஒரு முறையாவது பார்க்க நூற்றுக்கு 26 வாய்ப்பு. நூறாண்டு நிற்கும் செட்டிநாட்டு வளவு வீட்டுக்கு அது 63. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வேறோர் உண்மை வெளிவரும்: முப்பத்தைந்து ஆண்டுப் பதிவேடு ஒன்றில் நூறாண்டு வெள்ளம் ஒருமுறைகூட இடம்பெறாமல் போவதற்கு நூற்றுக்கு 70 வாய்ப்பு இருக்கிறது. அதாவது நம் ஆவணத்தில் இல்லாத வெள்ளத்துக்குத்தான் நாம் பெரும்பாலும் கலிங்கு கட்டுகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டிய 95 செ.மீ. மழை, தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையைவிட அதிகம். அதற்கு முன் அந்த வட்டாரப் பதிவேட்டை வைத்துக்கொண்டு கோடு இழுத்த எவருடைய தாளிலும் அந்தப் புள்ளிக்கு இடம் இருந்திருக்காது.

என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஊர்க் கண்மாயின் கலிங்கை மாற்றிக் கட்டும் வேலையில், அந்த ஊர் நீர்பாய்ச்சி என்னை அய்யனார் கோயில் திண்டுக்கு அழைத்துப் போய், தம் அப்பா காலத்தில் தண்ணீர் ஏறி நின்ற மட்டம் என்று ஒரு கல்லைக் காட்டினார். மட்டக்கருவி வைத்து அளந்து கோப்பில் எழுதினேன். மேலதிகாரி அந்தப் பத்தியைச் சிவப்பு மையால் அடித்து, கர்ண பரம்பரைக் கதைகளுக்குக் கணக்கில் இடமில்லை என்று ஓரத்தில் குறித்து அனுப்பினார். பதிவேட்டு எண்ணுக்கு ஏற்றபடியே கலிங்கு கட்டப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து ஓர் ஐப்பசி இரவில் கரை உடைத்துக்கொண்டது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் பயிர் முழுவதும் மண்மூடிப் போயிற்று. விதிப்படி பார்த்தால் அவர் செய்ததைக் குற்றம் சொல்ல முடியாது. வாய்மொழியை அவர் ஏற்காதபோது, கோயில் திண்டை ஒட்டி இரண்டடி தோண்டி, அங்கே வெள்ளம் விட்டுச் சென்ற வண்டல் படிந்திருக்கிறதா என்று நான் பார்த்திருக்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கென்று ஒரு துறையே உலகில் வளர்ந்திருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சென்னையில் மழை அளவுப் பதிவு 1813 முதல் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியது 1875இல். ஒரு மனிதனின் வாழ்நாளோடு ஒப்பிட்டால் இவை நீண்டவை. ஐந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவதை மதிப்பிட இவை போதா. கடலில் இந்தக் குறை இன்னும் கொடுமையாகத் தெரிந்தது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த அலை, வங்கக் கடலைச் சுற்றியிருந்த அலைமானிகளில் பதிவாயிற்று. அதன் உயரம் ஒரு மீட்டரை ஒட்டியே இருந்தது. கருவி எழுதிய ஆவணம் என்று நம் கையில் இருந்தவற்றில் அது முக்கியமானது. அதை மட்டும் வைத்து மதிப்பிட்டால் நாகப்பட்டினத்துக்கு ஆழிப்பேரலையால் பெரிய ஆபத்து இல்லை என்றே எவரும் சொல்லியிருப்பார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஆய்வாளர்கள் மண்ணைத் தோண்டினார்கள். தாய்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய பிரா தோங் தீவில், கடலோர மணல்மேடுகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் கறுத்த சதுப்பு மண் படிகிறது. 2004 அலை அதன் மேல் ஒரு வெள்ளை மணல் போர்வையை விரித்துவிட்டுப் போயிருந்தது. அதற்குக் கீழே குழி வெட்டியபோது, கறுப்பு மண்ணுக்கு நடுவே அதே போன்ற பழைய மணல் போர்வைகள் வெளிப்பட்டன. 2004க்கு முந்தையது ஏறத்தாழ 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று கரிமக் காலக்கணிப்பு காட்டியது. இந்த முடிவு 2008இல் வெளியாயிற்று. நான்கே ஆண்டுகள் முந்தி வெளியாகியிருந்தால் என்று எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இதைவிட என்னைக் கவர்ந்தது அச்சே கடற்கரைக் குகை. இந்தோனேசியாவின் அந்தக் குகையில் வாயிலருகே ஒரு பாறை மேடு இருப்பதால் சாதாரண அலைகள் உள்ளே நுழைவதில்லை. மிகப் பெரிய அலை மட்டுமே மேட்டைத் தாண்டி உள்ளே மணலைக் கொட்டும். அடுத்த அலை வரும் வரை குகைக்குள் இருக்கும் வௌவால்கள் தம் எச்சத்தை அந்த மணலின் மேல் அடுக்கிக்கொண்டே இருக்கும். மணல், வௌவால் எச்சம், மணல், வௌவால் எச்சம் என்று நம்மூர்ப் பேரேட்டில் வரவும் செலவும் மாறி மாறி எழுதியதைப் போல ஒரு கணக்கு அங்கே இருந்தது. 7,400 ஆண்டுகளுக்கும் 2,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் குறைந்தது 11 ஆழிப்பேரலைகள் வந்ததை அந்தக் குகை காட்டியது. சராசரி எடுத்தால் 450 ஆண்டுக்கு ஒன்று. ஆனால் உண்மையில் ஓர் இடைவெளி 2,000 ஆண்டுகளுக்கும் மேல் நீண்டிருக்கிறது. இன்னோரிடத்தில் ஒரே நூற்றாண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவை வந்திருக்கின்றன. சராசரி என்ற எண்ணை வாழ்நாள் முழுவதும் கையாண்ட எனக்கு, அந்த எண் எவ்வளவு பொய் சொல்லக்கூடியது என்பதை எந்தப் பாடநூலையும்விட அந்த வௌவால் எச்சம் நன்றாகச் சொல்லிக் கொடுத்தது.

மண் சொன்னதைக் கேட்டும் காலம் கடந்துபோன கதை ஜப்பானுடையது. கி.பி. 869இல் செண்டாய் சமவெளியில் கடல் புகுந்ததை அந்நாட்டு வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. அந்த அலை விட்டுச் சென்ற மணலை, கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே நெல் வயல்களின் அடியில், 2011 மார்ச் மாதப் பேரலைக்கு முன்பே ஆய்வாளர்கள் கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். அதற்கேற்பத் தடுப்புகள் உயர்வதற்குள் அலை வந்துவிட்டது. வந்த பிறகு அளந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: 2011இல் மணல் படிந்து நின்ற எல்லையைத் தாண்டி ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக நீர் உள்ளே போயிருந்தது. மணல் காட்டுவது வெள்ளத்தின் குறைந்தபட்ச எல்லை. எங்கள் கண்மாய்ப் பட்டைக்கும் இது பொருந்தும்.

அமெரிக்காவின் பசிபிக் கரையில் நடந்ததோ நல்ல துப்பறியும் கதையைப் போன்றது. வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில் தேவதாரு வகை மரங்கள் உப்புச் சதுப்பில் பட்டுப்போய் நின்றுகொண்டிருந்தன. நிலம் திடீரெனத் தாழ்ந்து கடல்நீர் வேரைச் சூழ்ந்ததால் அவை இறந்தன என்பது மண்ணடுக்கில் தெரிந்தது. வேரில் மீந்திருந்த கடைசி ஆண்டு வளையத்தை எண்ணியபோது, 1699இன் வளர்ச்சிப் பருவம் முடிந்ததற்கும் 1700இன் வளர்ச்சிப் பருவம் தொடங்கியதற்கும் இடையே அவை மடிந்திருக்கின்றன என்று ஆயிற்று. ஜப்பானியக் கடலோர ஊர்களின் ஏடுகளிலோ, 1700 ஜனவரி இறுதியில் நிலம் அதிராமலே ஓர் அலை வந்ததாகக் குறிப்பு இருந்தது. இரண்டையும் சேர்த்து, 1700 ஜனவரி 26 இரவு ஏறத்தாழ 9 அளவுள்ள நிலநடுக்கம் அமெரிக்கக் கரையில் நிகழ்ந்தது என்று மணிக்கணக்கோடு சொல்ல முடிந்தது. மரம் பருவத்தைச் சொன்னது. மனிதர் எழுதியது நாளைச் சொன்னது. எழுத்து, இயற்கை என்று இரண்டு சாட்சிகளும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே செய்தியைச் சொல்லும்போது அதற்கு இருக்கும் வலிமை தனிதான்.

இங்கே எங்கள் பக்கத்துப் பேச்சு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்தவர்கள் நகரத்தார் என்பது மரபு. அங்கே கடல் புகுந்ததைக் கண்ட அச்சத்தால்தான், கடலிலிருந்து இவ்வளவு தள்ளி வந்தும், ஆளுயர அடித்தளம் போட்டு வீடு கட்டினார்கள் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பூம்புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலையும் சொல்கிறது. ஆனால் இன்று நாம் காணும் வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு எழுந்தவை. முகப்பின் கம்பீரத்துக்காகவும், மழைநீர் உள்ளே ஏறாமல் இருக்கவும், கறையானுக்குத் தப்பவும் அடித்தளம் உயர்ந்திருக்கலாம். நூற்றாண்டுகள் தாண்டிய ஓர் அச்சத்தை ஒரு படிக்கட்டின் உயரத்திலிருந்து மட்டும் நிறுவிவிட முடியாது. அய்யனார் கோயில் கல்லை நான் நம்பியதும் இந்தக் கதையை முழுவதும் நம்பாததும் முரண் அல்ல: அந்தக் கல்லுக்கும் அதைக் காட்டியவருக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு தலைமுறை.

அதே வீடுகளில் வேறொரு பதிவேடு நிற்கிறது. அதைப் பற்றி எவரும் கதை சொல்வதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடை ஒன்றில், இடித்த வீட்டிலிருந்து வந்த பர்மா தேக்கு உத்தரம் ஒன்று அறுபட்ட முகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். வெப்ப மண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக இராது, தேக்கு விதிவிலக்கு. பருவம் தொடங்கும்போது பெரிய துளைகள் ஒரு வரிசையாக உண்டாகி, பின் அடர்ந்த மரம் வளர்வதால், ஒவ்வோர் ஆண்டும் ஊசியால் குத்தி வரைந்த கோடு போலத் தெரியும். ஓரிடத்தில் வளையங்கள் அரிசி அகலத்துக்கு இருந்தன. பிறகு ஏழெட்டு வளையங்கள் தாள் விளிம்புகளைப் போல நெருங்கிக் கிடந்தன. பிறகு மீண்டும் அகன்றன. கடைக்கார அண்ணன் நான் விலை பேசுவதற்குத்தான் குறை தேடுகிறேன் என்று நினைத்து, “பூச்சி இல்லைங்க, இரும்பு” என்றார்.

அந்த ஒரு மரத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அறுக்கும்போது வெளிப்புற வெண்மரத்தைச் சீவிவிடுவதால் கடைசி வளையம் எந்த ஆண்டுடையது என்று தெரியாது. பக்கத்து மரம் நிழல் விழுத்தினாலும் வளையம் குறுகும். அதனால் ஆய்வாளர்கள் பல மரங்களின் வளைய வரிசையை ஒன்றோடொன்று பொருத்தி, எல்லா மரங்களிலும் ஒரே ஆண்டில் குறுகியதை மட்டுமே வறட்சியின் கையெழுத்தாகக் கொள்கிறார்கள். பர்மாத் தேக்கில் இப்படி மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிப் போயிருக்கிறார்கள்; கேரளத் தேக்கில் 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுக்கு ஒரு தொடர் கிடைத்திருக்கிறது. ஆசியா முழுவதிலுமிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட வளையத் தொடர்களைச் சேர்த்து 2010இல் ஒரு வறட்சி வரைபடத் தொகுதி வெளியிட்டார்கள். நாம் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லும் 1876-78 வறட்சி அதில் தெளிவாக நிற்கிறது. அதைவிட முக்கியம், 1756 முதல் 1768 வரை ஆசியாவின் பெரும்பகுதியில் நீடித்த வறட்சி. அது நம் மழைமானிகள் எதுவும் பிறப்பதற்கு முற்பட்டது. இரண்டு மூன்று ஆண்டு வறட்சியைத் தாங்குவதற்கே நாம் திட்டமிடுகிறோம். பத்தாண்டைத் தாண்டும் வறட்சியும் இந்தப் பருவக்காற்று உலகில் நடக்கக்கூடியதுதான் என்பதை மரம் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஓர் எச்சரிக்கையும் உண்டு: பர்மாக் காடும் கேரளக் காடும் பெரிதும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு உரியவை, எங்கள் கண்மாய்கள் நிரம்புவதோ ஐப்பசி கார்த்திகையில். என் வீட்டுத் தூணின் வளையம் என் வீட்டு முற்றத்து மழையைச் சொல்லாது.

வேறு ஆவணங்களும் உண்டு, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நர்மதையின் கரைப் பாறை இடுக்குகளில் வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன வண்டலை அடுக்கடுக்காகப் படித்திருக்கிறார்கள். சத்தீஸ்கரின் தண்டக் குகையில் கூரையிலிருந்து சொட்டிய நீர் வளர்த்த சுண்ணக் கூம்பு, பதினான்காம் நூற்றாண்டு வறட்சிகளைக் காட்டியது. நீலகிரியின் கரிச்சதுப்பு மண்ணில் புல்லும் மரமும் மாறி மாறி ஓங்கியதைக் கொண்டு இருபதாயிரம் ஆண்டுகளின் ஈரமும் வறட்சியும் கணிக்கப்பட்டன. எதுவும் செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கு நேரடியாக உதவாது. இங்கே குகை இல்லை, பழங்காடு இல்லை, பனி இல்லை. இருப்பது கண்மாய்தான்.

கண்மாயைப் படிப்பதில் உள்ள இடர் நம் முன்னோரின் நல்ல பழக்கம். ஆண்டுதோறும் குடிமராமத்தில் கரம்பை அள்ளி வயலில் போட்டார்கள். அதனால் ஏட்டின் பக்கங்கள் அவ்வப்போது கிழிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. குடிநீர் ஊருணிகள் இன்னும் சுத்தம். அங்கே படிக்க எதுவும் மிஞ்சாது. பராமரிப்பில்லாமல் தூர்ந்துபோன கண்மாயில்தான் தொடர்ச்சியான அடுக்கு கிடைக்கும். பொறியாளனாக நான் வருந்த வேண்டிய இடத்தில், மண்ணைப் படிப்பவனாக மகிழ்வது விந்தையாகத்தான் இருந்தது.

இன்னோர் இடர், எங்கள் கண்மாய்கள் தனித்தனியாக இல்லை. மேலூர்க் கண்மாயின் கலிங்குத் தண்ணீர் எங்கள் கண்மாய்க்கு வரத்து; எங்களுடையது கீழூருக்கு. மேலே ஒரு கரை உடைந்தால், அன்று பெய்த மழை சாதாரணமானதாக இருந்தாலும், எங்கள் கண்மாயில் நான்கு விரற்கடை மணல் படியலாம். அந்தச் சிவப்புப் பட்டை பெருமழையின் சாட்சியா, மேலூரின் கவனக்குறைவுக்குச் சாட்சியா என்று அதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே தொடரில் இல்லாத இரண்டு மூன்று கண்மாய்களில், ஒரே காலத்துப் பட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலத்தைக் கணிக்க வழி இருக்கிறது. மழையோடு விழும் ஈயம்-210 என்ற கதிரியக்கப் பொருள் 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்; அதைக் கொண்டு நூறு, நூற்றைம்பது ஆண்டு வரை அடுக்குகளுக்கு வயது சொல்லலாம். அணுகுண்டுச் சோதனைகளின் தூசியில் வந்த சீசியம்-137, 1963ஆம் ஆண்டு அடுக்கில் உச்சமாக இருக்கும். வடக்கு நாடுகளைவிட நம் பக்கம் அது மெல்லியதாக இருந்தாலும், கிடைத்தால் நல்ல மைல்கல். அதற்கு முற்பட்டதற்கு, கரிமக் காலக்கணிப்பு செய்யக் கரித்துண்டும் விதையும் இருக்கின்றன; மணல் துகள் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்று அளக்கும் முறையும் இருக்கிறது. அதற்கு மட்டும் மாதிரியை வெளிச்சம் படாமல் எடுக்க வேண்டும்.

இப்படிக் கிடைப்பதைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று பணியில் உள்ள இளைஞர்கள் கேட்கிறார்கள். மண் அடுக்கு மில்லிமீட்டரில் மழை சொல்லாது. ‘இந்த மட்டத்தைத் தாண்டி முந்நூறு ஆண்டில் இரண்டு முறை மட்டுமே நீர் ஏறியிருக்கிறது’ என்று அது சொன்னால் போதும். ‘ஒருமுறையும் ஏறவில்லை’ என்று சொன்னாலும் போதும். வராததும் ஒரு தகவல். முப்பத்தைந்து புள்ளிகளோடு அந்த ஒரே ஒரு வரியைச் சேர்த்தால், தாளின் ஓரத்தில் தன் போக்கில் போய்க்கொண்டிருந்த கோட்டுக்கு ஒரு முளைக்குச்சி அடித்தது போல ஆகும். சில இடங்களில் கலிங்கின் நீளம் கூடும். சில இடங்களில் குறையவும் செய்யும். கூடுவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தினால் அது நேர்மை ஆகாது.

காலநிலையே மாறிக்கொண்டிருக்கும்போது பழைய மண்ணைப் படித்து என்ன பயன் என்ற கேள்வியும் நியாயமானதே. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். நாளைய பெருமழை நேற்றையதைவிடப் பெரிதாக இருக்கலாம். இதற்கு என் பதில், இன்றைய சூடு வருவதற்கு முன்பே இந்த வட்டாரத்தின் வானம் எவ்வளவு கொட்டியிருக்கிறது என்று தெரியாமல், எதன் மேல் அந்தக் கூடுதலைக் கூட்டுவது என்பதுதான். நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் இந்தக் கேள்வியே எழாது.

பத்து நிமிடம் என்று கேட்டது முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்தத் தம்பியே தம் வண்டியின் கருவிப் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்துவந்து, வீட்டிலிருந்து நான் கொண்டுவரச் சொன்ன நான்கு அங்குல பிவிசி குழாயை நெடுக்கில் பாதியாகப் பிளந்து, வெட்டு முகத்தில் அறைந்து இறக்க உதவினார். அடுக்கு கலையாமல் பெயர்த்தெடுத்து, ஈரம் போகாதபடி நெகிழித் தாளில் சுற்றி, எது மேல் எது கீழ் என்று அம்புக்குறி போட்டு, தேதியையும் கரையிலிருந்து உள்ள தூரத்தையும் எழுதினேன். வெயில் படாமல் எடுக்கத் தவறிவிட்டேன். ஆகவே மணல் துகளைக் கேட்கும் முறை இதற்கு உதவாது. கரித்துண்டுகள் ஒரு மருந்துப் புட்டியில் இருக்கின்றன.

அந்தக் குழாய் இப்போது எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில் நெல் குதிருக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. குழி இருந்த இடம் ஐப்பசியில் நிரம்பிவிட்டது. அன்று அள்ளிய கரம்பை முழுவதும் தெற்குத் தெருச் சித்தப்பாவின் நிலக்கடலைக் கொல்லையில் பரப்பியாயிற்று. சிவப்புப் பட்டை விழுந்த மூலையில் மட்டும் மண் கொஞ்சம் பொறுபொறுவென்று இருப்பதாகவும், அங்கே கடலை பிடுங்குவது எளிதாக இருந்ததாகவும் சொன்னார்.